அரை மணியில் மதுரை!

அப்பாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். காலை ஒன்பதேகாலுக்கு. "நீ வராட்டியும் பரவாயில்லே"ன்னு போனில் சொன்னார். அப்பா அகராதியில் இதற்கு அர்த்தம், 'வந்து தொலை'.

பாண்டியனில் பெர்த் இல்லை. பிளேன் டிக்கெட் எடுத்தேன். 7.40-க்குச் சென்னை, 8.55-க்கு மதுரை என்று போட்டிருந்தது. சிரிப்பு வந்தது. ஆகாய மார்க்கமாக மதுரை சுமார் 415 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 போகும். வகுத்தால் அரை மணி! மிச்சமெல்லாம் சும்மா ஜாக்கிரதைக்கு என்று முடிவு கட்டினேன். அப்பா ரிடையர்டு கணக்கு வாத்தியார், ஸார். கணக்கு ரத்தத்திலேயே ஓடுகிறது.

7.40-க்கு டாணென்று விமானம் நகர்ந்தது. பின்பக்கமாக! அப்புறம் நின்றது. ஊர்ந்தது. முன்னால் நாலு விமானங்கள், ரேஷன் கடை க்யூ மாதிரி.

வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து ஸீட் பெரியவர் விமான கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பரிதாபப்பட்டார்.

"டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் இல்லே தம்பி. அதுக்குப் பேரு பிளாக் டைம். இங்கே சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்ததிலேர்ந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும்."

"800 கிலோமீட்டர் வேகம்னு..."

"அது மேலே போனப்புறம். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட்தான். நம்ம கணக்குல 463 கிலோமீட்டர். மதுரைக்கு என்ன, ஏறி முடிச்சதும் இறங்க ஆரம்பிச்சுடுவான். இறங்கறதும் காத்துக்கு எதிர்முகமா இறங்கணும். காத்து மாறியிருந்தா ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வரணும். இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் அஞ்சு பத்து நிமிஷம் கூட்டிப் போட்டிருப்பான்."

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 1967-லிருந்து ஒரு விமானம் போகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகச் சின்ன விமான ஸர்வீஸ். ஒருமுறை 53 செகண்டில் போய் ரிகார்டு. இதையும் அவர்தான் சொன்னார். அந்த ஊரில் பிறந்திருந்தால் என் கணக்கு பலித்திருக்கும்.

மதுரையில் இறங்கிக் கட்டை வைத்தபோது மணி சரியாக 8.55. குறை சொல்ல வழியில்லை. அப்புறம் பெட்டிக்காகக் காத்திருந்தேன். (மனைவி கொடுத்தனுப்பிய ஊறுகாய்.) டாக்ஸி. அவனியாபுரம் நெரிசல். ஆஸ்பத்திரியில் நுழையும்போது மணி பத்து.

எல்லாம் முடிந்து, அப்பா எம்.ஜி.ஆர். மாதிரி கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டை விட்டு எப்போடா கிளம்பினே?"

"அஞ்சேகால்."

"நாலே முக்கால் மணி நேரம். 415-ஐ வகு."

வகுத்தேன். "87 கிலோமீட்டர்ப்பா."

"ம். பஸ்ஸை விடக் கொஞ்சம் ஜாஸ்தி."

நர்ஸ் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "உள்ளே கூப்பிட்டப்போ, பையன் இதோ வந்துடுவான், அஞ்சு நிமிஷம்னு ரெண்டு தடவை கேட்டாரு ஸார்."

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"அடுத்த கண்ணு அடுத்த மாசம். முத நாள் ராத்திரியே ரயில் ஏறிடு."