சங்குச் சத்தம் கேளாத கதைகள்

முஸ்லிம் என்றால் வியாபாரி. பிறர் இதைச் சொல்வதற்கு முன்பே எமது கதைகள் சொல்லிவிட்டன. புடவைக்கடை முதலாளி, நகைக்கடை ஹாஜியார், அவர் வீட்டுச் சீதனப் பிரச்சினை. நாற்பது வருடங்களாக வாசிக்கிறேன். என் வாப்பாவும் மாமியும் இவற்றில் வரவேயில்லை.

வாப்பா பல்லேகலப் பக்கம் ஒரு விசைத்தறி ஆலையில் வேலை செய்தார். அவருடைய தங்கை, எங்கள் மாமி, அங்கேயே தார் சுற்றினார். எழுபதுகளின் நடுப்பகுதி. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் உள்ளூர்த் தறிகளுக்கு ஓயாத வேலை. இரவு வேலை முடிந்து வரும் வாப்பாவின் புருவத்தில் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். தறி இரைச்சலில் காது மந்தமாகி வீட்டிலும் உரத்தே பேசுவார். கோபிக்கிறார் என்று நாங்கள் ஒதுங்கிப்போவோம்.

மாமியைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "வீட்டிலிருந்து தைக்கிறாள்" என்றார் வாப்பும்மா. வந்தவர்களின் தேநீருக்குப் போட்ட சீனி மாமியின் சம்பளத்தில் வாங்கியது.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி குவிய, நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன. வாப்பாவுக்கும் வேலை போயிற்று. அந்தத் துணியை விற்று எம்மவர் சிலர் செழித்தார்கள். செழித்தவர் கதைக்குள் வந்தார். தறியிலிருந்து எழுந்து வந்தவர் எங்கே போனார் என்று எவரும் கேட்கவில்லை. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், ஆடை தைக்கப் போன எமது பெண்களையும் மாமியைப் போலவே மறைத்தோம்.

மருதமுனை, காத்தான்குடிக் கைத்தறியைக் காட்டி என்னை மடக்க வேண்டாம். அங்கு நெசவு ஊர்ப்பெருமை. நான் கேட்பது மலைநாட்டில் ஆலைச் சங்குக்கு ஓடியவர்களை. 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெப்பை கண்டியில் பிறந்தவர். அன்றே மிஸ்ர் வரை போய்வந்த எமது நாவலுக்குப் பல்லேகல இன்னும் தூரமா?

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. எரித்தவன் எமது கதைகளை வாசித்தவனல்லன். ஆனால் அவன் மனதிலிருந்ததும் அதே முதலாளிதான் என்று நான் நம்புகிறேன். கூலிக்கார முஸ்லிமை அவன் அறியான். அறிமுகப்படுத்த வேண்டிய நாமோ அவரைப் பின்கட்டில் ஒளித்து வைத்தோம்.

மறுக்கும் படைப்பாளிகள் ஒரேயொரு மலைநாட்டு ஆலைத் தொழிலாளியின் கதையைச் சொல்லட்டும். தேடிப் படிக்கிறேன்.