டிஸ்லெக்சியா: சட்டத்துக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா?

2024 அக்டோபரில் ஓர் இரவு, டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையும் இந்தியா கேட்டும் சிவப்பு விளக்கில் ஒளிர்ந்தன. டிஸ்லெக்சியா விழிப்புணர்வுக்காக! நல்ல விஷயம்தான். ஆனால் நாமக்கல் மாவட்டத்தில் வெண்ணந்தூர் மாதிரி ஒரு விசைத்தறி ஊருக்கு அந்தச் சேதி எப்போது வந்து சேரும்?

டிஸ்லெக்சியா என்பது அறிவுக் குறைவு அல்ல. கண் கோளாறும் அல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைத்துப் பார்ப்பதில் வரும் சிக்கல். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, அதையே படிக்கச் சொன்னால் திணறும். எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறும்.

1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இருந்தவை ஏழே வகைகள். அதில் இது இல்லை. 2007-ல் 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்து நாடே கண்ணீர் விட்டது. சட்டம் மாற மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பிள்ளைகளிடம் இதைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. விழிப்புணர்வுப் பிரசாரம் செய்வது அரசின் கடமை என்கிறது 39-வது பிரிவு.

பெயர் வைத்தால் பிள்ளை மேல் முத்திரை விழுந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இப்போது மட்டும் முத்திரை இல்லையா? மக்கு, சோம்பேறி... இதெல்லாம் என்னவாம்? உண்மையான பெயர் தெரியாத வீட்டில், "படிப்பு ஏறலைன்னா தறிக்கு வந்துடு" என்பதுதான் முடிவாகிறது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழகப் பொதுத்தேர்வில் இவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள் என்று சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கேட்க, முதலில் இப்படி ஒன்று இருப்பதே தெரிய வேண்டுமே! சென்னையில் விவரம் தெரிந்த பெற்றோர் கேட்டு வாங்கிவிடுவார்கள். கேட்கத் தெரியாதவர்களுக்கு அதே சட்டம் இருந்தும் இல்லாததுதான்.

எனவே, கேட்டு வரட்டும் என்று அரசு காத்திருக்கக் கூடாது. மூன்றாம் வகுப்பிலேயே எல்லா அரசுப் பள்ளிகளிலும் சோதனை நடக்க வேண்டும். அறிகுறிகளை எளிய தமிழில் எழுதி ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாட்ட வேண்டும். ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்ற பிறகு கிடைக்கும் அங்கீகாரத்தால் யாருக்கு லாபம்?