பைக்கை மறந்த சட்டமும் அறுந்துபோன கேபிளும்



இந்த வார எபிசோடில் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசினோம். போன், லேப்டாப், டிராக்டர்னு ஒரு சுற்று வந்தோம். நேரம் போதாமல் நான் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கமான கதை, முன்கூட்டியே சொல்லிடறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் முடிந்து பரமட்டாவிலிருந்து வென்ட்வொர்த்வில் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் ஒரு சிக்னல். கிளட்சைப் பிடித்தேன், 'டக்'குனு ஒரு சத்தம். லிவர் தொளதொளன்னு கைக்குள் வந்துவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. பின்னாடி ஹாரன். தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோது மணி எட்டு.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டேன். பத்து நாள் கழித்துத்தான் இடம் இருக்காம். கேபிள் விலை 38 டாலர். கூலியோடு சேர்த்து 190. அவர்களைக் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் கை வேலைக்கு நல்ல கூலி கிடைக்குது, அது நல்ல விஷயம்தான். ஆனாலும் மனசு கேட்கலை. திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"நிப்பிள்ல கிரீஸ் வெச்சியாடா?"

"எந்த நிப்பிள்பா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வாராவாரம் மைக் முன்னால் உட்கார்ந்து 'நம்ம பொருளை நாமே ரிப்பேர் பண்ற உரிமை வேணும்'னு முழங்குகிற ஆளுக்கு, தன் வண்டியில் 38 டாலர் பாகம் ஒன்று எப்படி வேலை செய்யுதுன்னு தெரியலை. அங்கேதான் எனக்கு உறைத்தது.

கிளட்ச் கேபிள் ஒன்றும் ராக்கெட் இல்லை. வளையும் உறைக்குள் முறுக்கிய மெல்லிய இரும்புக் கம்பிகள், இரண்டு முனையிலும் ஒரு சின்ன உலோகக் குமிழ். போடன் கேபிள் என்று பெயர். எர்னஸ்ட் போடன் 1896-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விஷயம். லிவர் பக்கம் இருக்கும் குமிழைத்தான் அப்பா நிப்பிள் என்றார். நாம் கிளட்சைப் பிடிக்கும்போதெல்லாம் அது லிவருக்குள் லேசாகச் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்தால் அது சுழலாது. அதற்குப் பதிலாகக் கம்பி வளையும். சிட்னி டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம்! ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. லிவர் கனமாகும், சொரசொரன்னு வரும், அட்ஜஸ்ட் பண்ணப் பண்ண மறுபடியும் லூசாகும். நிப்பிள் பக்கத்தில் ஒரு இழை முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இரண்டு மாதமாக லிவர் கனமாகத்தான் இருந்தது. கை வலிக்குதுன்னு நினைத்தேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கேபிள் வாங்கி வந்து நானே மாற்றினேன். அப்பா போனில் மேற்பார்வை. முதலில் பழைய கேபிள் போகும் பாதையைப் போட்டோ எடுத்தேன். இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர்களின் லாக் நட்டைத் தளர்த்தி, லிவர் பக்கம் உள்ள பிளவுகளை நேர்கோட்டில் கொண்டு வந்தால் நிப்பிள் தானாகக் கழன்று வருகிறது. எஞ்சின் பக்க முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டுப் பழைய கேபிளை மேல் பக்கமாக உருவினால், நூல் அதே பாதையில் நிற்கும். அதில் புதியதைக் கட்டி இழுத்தால் போதும். நிப்பிளில் மறக்காமல் கிரீஸ். கேபிளுக்குள் எண்ணெய் விடுவதற்கு முன்னால் மட்டும் மேனுவலைப் பாருங்க; உள்ளே நைலான் பூச்சு உள்ள கேபிள்கள் சிலதுக்கு அது தேவையில்லை.

கடைசியாக ஃப்ரீ பிளே. பல பைக்குகளில் லிவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று இருக்கும், உங்க மேனுவல் சொல்வதுதான் கணக்கு. ரொம்ப டைட்டாக வைத்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கி, பிளேட் தேயும். ரொம்ப லூசாக விட்டால் கியர் முரண்டு பண்ணும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்க, கேபிள் இழுபடக் கூடாது. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது. சென்னையில் தெருவோர மெக்கானிக் கால் மணி நேரத்தில் முடித்திருப்பார், அது வேற விஷயம்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1-இலிருந்து வாகனப் பழுதுபார்ப்புத் தகவல் பகிர்வுத் திட்டம் நடைமுறையில் இருக்கு. கார் கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் தகவல்களை நியாயமான விலையில் வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும். மீறினால் நிறுவனங்களுக்கு 1 கோடி டாலர் வரை அபராதம் வரலாம். நல்ல சட்டம். ஆனால் இரண்டு, மூன்று சக்கர வண்டிகள் அதில் கிடையாது. 2021-இல் உற்பத்தித்திறன் ஆணையத்தின் அறிக்கை டிராக்டர் மாதிரி விவசாய இயந்திரங்களுக்கும் இப்படி ஒரு கடமை வேணும்னு பரிந்துரைத்தது. பைக் ஓட்டுகிறவனுக்கு வந்த தகவல்: நீ காத்திரு.

இதுவரைக்கும் அது பெரிதாக உறைக்கவில்லை. ஏன்னா கேபிளைக் கழற்ற எந்த கம்பெனியின் சாஃப்ட்வேரும் வேண்டாம், ஸ்பானர் போதும். ஆனால் நிலைமை மாறிக்கிட்டிருக்கு. யமஹாவின் ஒய்-ஏஎம்டி வண்டிகளில் கிளட்ச் லிவரே இல்லை. மோட்டாரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கின்றன. ஹோண்டாவின் இ-கிளட்ச் லிவரை விட்டு வைத்திருக்கிறது, வேண்டுமானால் கையாலும் பிடிக்கலாம். நான் இந்த மாற்றத்துக்கு எதிரி இல்லை. பரமட்டா ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்தவர்கள் யாரும் எதிரியாக இருக்க முடியாது! ஆனால் அந்த மோட்டார் மக்கர் பண்ணினால் லிவர் கனமாகாது, இழை நீட்டாது. டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்குக்கு என்ன அர்த்தம்னு தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கு இருக்கும்? பைக்குகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சரியான நேரம் அந்த வண்டிகள் பழசாவதற்கு முன்னால்தான்.

அதோடு என் பக்கத் தப்பையும் ஒத்துக்கிறேன். இல்லாத உரிமைக்குக் குரல் கொடுத்தேன், கையில் இருந்த உரிமையை இரண்டு மாதம் கண்டுகொள்ளவில்லை. தன் வண்டியில் ஒரு நட்டையாவது கழற்றிப் பார்த்தவர் கேட்கும்போதுதான் அந்தக் கோரிக்கைக்கு எடை வரும். அரசியல்வாதி "உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தகவல்?"னு கேட்டால் பதில் சொல்லத் தெரியணும் இல்லையா?

ஆகவே இந்த வார ஹோம்வொர்க்: பைக் வைத்திருப்பவர்கள் லிவர் பக்கம் குனிந்து அந்த நிப்பிளைப் பாருங்க. ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்க. ஒரு எச்சரிக்கை, இதே தைரியத்தில் பிரேக்கில் கை வைக்காதீங்க. அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது கத்துக்குங்க.

பார்த்துவிட்டு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அப்பாவிடமும் படித்துக் காட்டணும். "இப்பவாவது கிரீஸ் வெச்சியே"ன்னு சொல்லிவிட்டு போனை வைத்தவர், இன்னும் முழுசா மன்னிக்கலை.

அடுத்த வாரம் சந்திப்போம்!