சமமா இருந்தா யாரு முதல்ல?

ஆர்டர் பை போட்டாச்சு, இனிமே வரிசை வரிசைதான்னு டெவலப்பர் மக்கள் பலபேர் நிம்மதியா இருக்காங்க. மார்க் வாரியா அடுக்கச் சொல்றோம். 195.5 எடுத்தவங்க நாலு பேர். அந்த நாலு பேருக்குள்ள யார் முதல்ல? நாம சொல்லலை. அதனால டேட்டாபேஸ் தனக்கு எது வசதியோ அப்படிக் கொடுக்கும். அதன் மேல் குற்றமில்லை. சமமான வரிகள் எந்த வரிசையிலும் வரலாம்னு மைஎஸ்க்யூஎல் கையேட்டிலேயே எழுதி வச்சிருக்காங்க. யார் படிக்கிறா? :-)

"இத்தனை நாளா ஒழுங்காத்தானே வந்துச்சு"ன்னு ஒரு வாதம் வரும் பாருங்க, எனக்கு எரிச்சலே அதுதான். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரியை அப்டேட் பண்ணினா, அதன் புதுப் பிரதி வேற இடத்தில் எழுதப்படும். மார்க்கைத் தொடவே வேண்டாம், போன் நம்பரை மாத்தினாலே ஆள் இடம் மாறிடலாம். புதுசா இன்டெக்ஸ் போட்டாலும் அதே கதை. மைஎஸ்க்யூஎல் 5.6 (2013) வந்தப்போ, லிமிட் போட்ட க்வெரிக்குத் தனியா ஒரு சார்ட் முறை கொண்டுவந்தாங்க. லிமிட் இல்லாம ஒரு வரிசை, லிமிட் போட்டா இன்னொரு வரிசைன்னு ஆகிப்போச்சு. பக்கம் பக்கமா பிரிச்சுக் காட்டுற இடத்தில்தான் பெரிய தலைவலி: முதல் பக்கத்தில் பார்த்தவரே ரெண்டாம் பக்கத்திலும் நிப்பார். இன்னொருத்தர் எந்தப் பக்கத்திலும் இருக்க மாட்டார்.

கடைசியில் ஐடியையும் சேர்த்துடுன்னு எல்லாரும் சொல்வாங்க. சரி, வரிசை நிலைச்சிடும். நான் சண்டைக்கு வர்றது இங்கதான். ஐடி ஏறுவரிசைன்னா முதல்ல விண்ணப்பிச்சவருக்கு முன்னுரிமைன்னு அர்த்தம். வீட்டில் நெட் இருக்கிற பையன் முன்னாடி, பிரவுசிங் சென்டர் தேடி டவுனுக்கு பஸ் ஏறின பொண்ணு பின்னாடி. சீட்டு பத்து, ஆள் பதினொண்ணுன்னா? இதை முடிவு பண்ண நமக்கு யாருங்க அதிகாரம் கொடுத்தா?

நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங்கைப் பாருங்க. கட்ஆஃப் சமமானா மேத்ஸ் மார்க், அப்புறம் பிசிக்ஸ்னு ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே போய், பிறந்த தேதியும் ஒண்ணா இருந்தா கடைசியா ரேண்டம் எண். ரேங்க் லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே அந்த எண்ணைக் கொடுத்துடறாங்க. குலுக்கல்தான், ஆனா ஊரறிய நடக்கிற குலுக்கல்.

ஆட்களை வரிசைப்படுத்துற க்வெரின்னா, சமமா வந்தா என்ன பண்றதுன்னு எழுத்தில் கேட்டு வாங்காம நான் கை வைக்கிறதில்லை. "அதெல்லாம் எப்பவாவதுதான் சார் வரும்"ங்கறாங்க. பதில் வரலைன்னா இருக்கவே இருக்கு 'வித் டைஸ்'. போஸ்ட்கிரெஸ்ஸில் 13ஆம் பதிப்பிலேயே (2020) வந்தாச்சு. பத்து பேர் கேட்டா, பத்தாவது ஆளுக்குச் சமமா நிக்கிறவங்க எல்லாரையும் சேர்த்தே கொடுத்துடும். அதுக்கப்புறம் அவங்க பாடு :-)