வினாத்தாளை யார் தயாரிப்பது?

கோத்தாரிக் குழு என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 1964–66 கல்விக்குழுவின் உறுப்பினர் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். டி.எஸ். கோத்தாரி, ஜே.பி. நாயக் போன்ற நம்மவர்களோடு இங்கிலாந்தின் எல்வின், பிரான்சின் ழான் தோமா, அமெரிக்காவின் ரோஜர் ரெவெல், ஜப்பானின் இஹாரா, சோவியத் நாட்டின் ஷுமோவ்ஸ்கி ஆகியோரும் அதில் இருக்கிறார்கள். இணைச் செயலாளர் மக்டூகல் யுனெஸ்கோவிலிருந்து வந்தவர். எல்வினும் தோமாவும்கூட முன்பு அங்கே பொறுப்பு வகித்தவர்களே. நம் பிள்ளைகளின் படிப்பை முடிவுசெய்யும் குழுவில் அயல்நாட்டாரை உறுப்பினர்களாகவே உட்கார வைப்பதை இன்று எந்தக் கட்சியும் பொறுத்துக்கொள்ளாது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்வியைத் திட்டமிடுவது என்பதே உலகத்துக்குப் புதிய துறை. அதன் தலைமையிடம் பாரிஸில் இருந்த யுனெஸ்கோ. அங்கே இரண்டாவது நாற்காலியில் இருந்தவர் ஒரு வேலூர்க்காரர்.

மால்கம் ஆதிசேஷய்யா 1910-ல் வேலூரில் பிறந்தார். ஊரிசுக் கல்லூரி, சென்னை லயோலா, பிறகு லண்டன், கேம்பிரிட்ஜ் என்று படித்தார். கல்கத்தாவில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1940 முதல் 1946 வரை தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். போர் முடிந்ததும் ஜெனீவாவில் மாணவர் நல அமைப்பு ஒன்றில் வேலை. 1948-ல் யுனெஸ்கோவில் சேர்ந்தவர் 1963-ல் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். 1970 வரை அந்தப் பதவியில் இருந்தார். உயர்கல்விக் கொள்கை என்பதைப் படிப்பாகவும் பிழைப்பாகவும் கொண்டு இன்று உலகம் சுற்றும் ஒரு வர்க்கமே உண்டு. அந்தப் பாதையை முதலில் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

அது இலக்குகளின் காலம். 1960 தொடங்கும்போது கராச்சியில் கூடிய ஆசிய நாடுகள், 1980-க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று முடிவெடுத்தன. 1961-ல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகளும் அதே ஆண்டைக் குறித்துக்கொண்டன. 1962-ல் தனனரிவேயில் ஆப்பிரிக்காவின் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனி மாநாடு. உலக வங்கி கல்விக்காக முதன்முதலில் கடன் கொடுத்ததும் அந்த ஆண்டுதான், துனீசியாவுக்கு. 1963-ல் பாரிஸில் கல்வித் திட்டமிடலுக்கு ஒரு தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. கணக்கு எளிமையானது: இருபது ஆண்டில் ஒரு நாட்டுக்கு எத்தனை பொறியாளர், எத்தனை மருத்துவர், எத்தனை ஆசிரியர் வேண்டும்? அங்கிருந்து பின்னோக்கி வந்தால் எத்தனை கல்லூரி, எத்தனை இடம், எவ்வளவு பணம் என்று தெரிந்துவிடும்.

1980 வந்தது; இலக்கு வரவில்லை. இதைச் சொல்லி அந்தத் தலைமுறையைக் கேலி செய்வது சுலபம், நியாயமில்லை. காலனி ஆட்சி பள்ளிக்கூடமே இல்லாமல் விட்டுப்போன நாடுகள் அவை. இலக்கு இல்லாமலிருந்தால் ஓடியிருக்கவே மாட்டா. என் குறை வேறு. எத்தனை இடம் என்று கேட்டவர்கள், அந்த இடத்தில் வந்து உட்காருகிறவனுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. பாரிஸிலிருந்து பார்த்தால் வகுப்பறை தெரியாது.

அறுபது வயதில் ஆதிசேஷய்யா ஊர் திரும்பினார். ஓய்வுபெற்ற சர்வதேச அதிகாரிகள் பெரும்பாலும் ஜெனீவாவிலோ வாஷிங்டனிலோ ஆலோசகராகத் தங்கிவிடுவது வழக்கம். இவர் 1971-ல், மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து, அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1975-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

அவர் கைக்கு வந்தது 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த ஒரு தேர்வு இயந்திரம். பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குச் சிலபஸில் ஒரு வரியை மாற்ற உரிமை கிடையாது. வினாத்தாளை எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆண்டுமுடிவில் விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக முகாமுக்குப் போகும். பதிவு எண்ணை மறைத்து டம்மி எண் போட்டு, மாணவனின் முகத்தையே பார்த்திராத ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து திருத்துவார். இதில் நேர்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த முறையில் நல்ல ஆசிரியரும் சோம்பேறி ஆசிரியரும் ஒன்றுதான். முந்தைய ஐந்தாண்டு வினாத்தாளும் ஒரு கைடும் கையில் இருந்தால் மாணவனுக்கு வகுப்பே தேவையில்லை.

கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுக்கலாம் என்று கோத்தாரிக் குழு 1966-லேயே எழுதியிருந்தது. ஏட்டில் கிடந்ததை நடைமுறைக்குக் கொண்டுவந்தது சென்னை. 1978-ல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் லயோலாவும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் உண்டு. முதலாவது அவர் படித்த இடம், இரண்டாவது அவர் கற்பித்த இடம். செமஸ்டர், அகமதிப்பீடு, ஆசிரியரே வகுக்கும் பாடத்திட்டம், ஆசிரியரே எழுதும் வினாத்தாள். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்.

எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. தனியார் கல்லூரி நிர்வாகம் நினைத்தபோது வேலையைவிட்டுத் தூக்குவதைத் தடுக்க, போராடி ஒரு சட்டம் வாங்கியிருந்தார்கள். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்காற்றுச் சட்டம், 1976. அதன் மை காய்வதற்குள், கல்லூரிக்குச் சுதந்திரம் என்று சொன்னால் அவர்கள் காதில் நிர்வாகத்துக்குச் சுதந்திரம் என்றுதானே விழும்? மாணவர்களுக்கும் ஒரு பயம் இருந்தது, இன்றும் இருக்கிறது: ஆசிரியரோடு முறைத்துக்கொண்டால் இன்டர்னல் மார்க் என்னாகும்? வகுப்பறைக்குள் அதிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை மேலிருந்து பார்ப்பவர்கள் குறைவாகவே எடைபோடுகிறார்கள். ஆதிசேஷய்யாவும் விலக்கல்ல என்றே நினைக்கிறேன்.

அதே 1978-ல், மேல்நிலைப் படிப்பைத் தொழிலோடு இணைப்பது பற்றிய மத்திய அரசின் மறுஆய்வுக் குழு அவர் தலைமையில் அறிக்கை கொடுத்தது. ப்ளஸ் டூவில் தொழிற்பிரிவு வந்தது. மதிப்பெண் குறைந்தவர்களை அனுப்பும் குரூப்பாக அது பல பள்ளிகளில் மாறியது தனிக்கதை.

அவர் மறைந்தது 1994-ல். உலக வங்கி வளரும் நாடுகளின் உயர்கல்வி பற்றிய தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டதும் அதே ஆண்டு. அரசு செலவைக் குறைக்கட்டும், மாணவர் கட்டணம் ஏறட்டும், தனியாருக்கு வழிவிடட்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாடு அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் இங்கே 1984-லேயே வந்துவிட்டன. பாரிஸ் கல்வியை முதலீடு என்று சொன்னபோது, போடுவது அரசு என்று பொருள். பத்து இருபது ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு பெற்றோர் தலைக்கு மாறிவிட்டது.

தன்னாட்சி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நாடு முழுக்க இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னாட்சிக் கல்லூரிகள். இணைப்புக் கல்லூரி முறையையே பதினைந்து ஆண்டுகளில் ஒழிக்கப் போவதாக 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. ஆசிரியரை நம்பித் தொடங்கிய ஏற்பாடு தன்னாட்சி. அந்த ஆசிரியர் இன்று பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்கு வேலை செய்கிறார். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவர் சுதந்திரமாக எப்படி வினாத்தாள் எழுதுவார்? 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு, மதிப்பீட்டில் உயர்ந்த நிறுவனங்களுக்குக் கூடுதல் தன்னாட்சி அறிவித்தது. முன்அனுமதி இல்லாமலே அவை புதிய துறைகளையும் படிப்புகளையும் தொடங்கலாம். அதற்காக அரசிடம் பணம் மட்டும் கேட்கக் கூடாது.