காசநோய்க் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் அரசே தர வேண்டும்

காசநோயாளி இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கு மாதந்தோறும் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்தது இவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய அந்த ஆய்வில் 2,800 நோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரும் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கிடைத்தது. குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அரிசியும் பருப்பும் போயின. சுமார் இரண்டு ஆண்டுகள் கண்காணித்துப் பார்த்தபோது, உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்தவருக்குத் தொற்றக்கூடிய, கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது.

‘லான்செட்’ இதழில் 2023 ஆகஸ்டில் இந்த முடிவுகள் வெளிவந்தன. இந்தப் பலன் எவ்வளவு பெரிது என்பது தடுப்பூசிகளோடு வைத்துப் பார்த்தால் புரியும். காசநோய்க்கு மனிதகுலத்திடம் இன்றுவரை உள்ள ஒரே தடுப்பூசி பிசிஜி. அது பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டியது நம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் ஆய்வுதான். புதிய தடுப்பூசிகளில் முன்னணியில் உள்ள எம்72, இடைக்கட்டச் சோதனையில் ஏறக்குறைய 50 சதவீதப் பாதுகாப்பைத் தந்தது. அதன் இறுதிக்கட்டச் சோதனை 2024இல்தான் தொடங்கியது. சோதிக்கப்பட்ட மக்களும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும், ஒரு தடுப்பூசி தந்தால் உலகமே கொண்டாடும் பலனைப் பருப்பும் அரிசியும் தந்திருக்கின்றன.

இவ்வளவு எளிய உண்மை ஏன் இவ்வளவு தாமதமாக நிரூபிக்கப்பட்டது? பதிலின் ஒரு பகுதி சென்னையில் இருக்கிறது. 1956இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவற்றோடு மருந்து உண்டது. மறுபாதி நெரிசலான தம் வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டபடி அதே மருந்தை ஓராண்டு உண்டது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூட வழிசெய்தது. ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை என்ற வாசலைத் திறந்தது. தமிழகம் என்றும் பெருமைப்பட வேண்டிய ஆய்வு அது.

ஆனால் அதிலிருந்து ‘மருந்து போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம்’ என்ற பாடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதுதான் பிழை. கிருமியை மருந்து கொல்லும். எலும்பும் தோலுமாக வந்து சேரும் நோயாளி சிகிச்சை முடியும்வரை உயிரோடு இருப்பாரா, அதே வீட்டில் அரை வயிற்றோடு படுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் நோய் வருமா என்பவை வேறு கேள்விகள். ஜார்க்கண்ட் நோயாளிகளில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதங்களில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் இரண்டு கிலோ. அந்தப் பழைய மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் பங்கேற்றிருக்கிறார்கள் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

தமிழ்நாடு இதில் பாதி வழி வந்துவிட்டது. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அருமையானது. நோய் உறுதியானதும் செவிலியர் உயரமும் எடையும் பார்க்கிறார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைக் குறிக்கிறார், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். ஆபத்தில் உள்ளவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஆனால் அவர் விட்டுவந்த வீடு?

ஒன்றிய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. குடும்பத்தாருக்கான உணவுப் பொட்டலமோ ‘நிக்‌ஷய் மித்ரா’ கொடையாளர்களை நம்பியிருக்கிறது. கொடுப்பவர்களின் மனம் பெரிது, சந்தேகமில்லை. ஆயினும் கொடையாளர் கிடைத்த ஊரில் பருப்பு வரும், கிடைக்காத ஊரில் வராது என்பது பொதுச் சுகாதாரம் ஆகாது. காசநோய் மாத்திரையை நாம் யாருடைய தயவுக்கும் விட்டுவைக்கவில்லையே.

செலவு அதிகம் என்று நிதித்துறை சொல்லக்கூடும். ஆய்வாளர்களின் கணக்குப்படி 30 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒரு புதிய நோயாளி உருவாவது தடுக்கப்படும். ஒரு நோயாளியின் மாதக்கணக்கான சிகிச்சை, இழக்கும் கூலி, அவரிடமிருந்து தொற்றக்கூடியவர்கள் ஆகியவற்றை எதிர்த்தட்டில் வைத்தே இதை எடைபோட வேண்டும். ஜார்க்கண்ட் வேறு, தமிழ்நாடு வேறு என்பதும் நியாயமான மறுப்புதான். அப்படியானால் எடை குறைந்தோர் உள்ள வீடுகளில் முதலில் தொடங்கலாம்.

அனைவருக்குமான பொது விநியோகம் நம்மிடம் உண்டு. துவரம்பருப்பை ரேஷன் கடையில் தரும் மாநிலம் இது. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கும் வீடுகளில் காசநோய் இன்றும் மறைக்கப்படுகிறது. கடை வரிசையில் தனி அட்டையோடு நிற்கச் சொன்னால் பலர் வரமாட்டார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் மருந்துகளைப் போலவே இதையும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

சிகிச்சை நடக்கும் ஆறு மாதங்களுக்கும் நோயாளியின் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் அரிசியும் பருப்பும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தமிழக அரசு இதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும்.