நாள் பார்த்து அளந்த ஊதியம்

பிறந்த நாளையும் பொழுதையும் சொல்லிக் கணியனிடம் வாழ்வு கேட்டு நிற்பது பேதைமை என்று மேடைதோறும் முழங்கிய நாடு இது. அம் முழக்கத்தைக் கேட்டுக் கணியர் எத்தனை பேர் கடையை மூடினர் என்பதை நாம் அறியோம். ஆனால் அவருள் ஒருவர் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் கோட்டைக்குள் புகுந்து, கருவூலக் கணக்கேட்டின் முன் அமர்ந்துகொண்டார் என்று கருத இடமிருக்கின்றது. அவர் பிறந்த நாளைக் கேட்கவில்லை. பணியில் சேர்ந்த நாளை மட்டுமே கேட்டார். "31-3-2003 அன்று பணியேற்றீரா? முதுமையில் உமக்குக் கவலையில்லை. மறுநாள் ஏற்றீரா? உமக்கு நாண்மீன் கூடிவரவில்லை" என்றார். அவர் சொன்னது அரசாணையாக வெளிவந்தது. பகுத்தறிவு பேசியோரும் அதற்குக் கைகட்டி நின்றனர்.

இதனை நகைப்பிற்காக மட்டும் கூறினோமல்லோம். 1-4-2003 முதல் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தார்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லையென்று ஆக்கப்பட்டது. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து விழுக்காட்டை ஊழியர் தம் பங்காகச் செலுத்த வேண்டியிருந்தது. அரசும் அதே அளவு செலுத்தும் என்றனர். ஓய்வு பெறுங்கால் திரண்டிருப்பதே அவர்க்குரியதாயிருந்தது. சாகும்வரை திங்கள்தோறும் இன்ன தொகை வரும் என்னும் உறுதி அதில் இல்லாதிருந்தது. அவ்வாணை வெளிவந்த நாளோ 6-8-2003. நான்கு திங்கள் பின்னோக்கிப் பாயும் ஆணை! நடுவணரசே தன் ஊழியர்க்கு இத்தகைய திட்டத்தை 1-1-2004 முதல்தான் கொண்டுவந்தது. தில்லி எடுத்துவைக்கத் தயங்கிய அடியைத் தமிழ்நாடு ஒன்பது திங்கள் முந்தியே எடுத்துவைத்தது. மேற்கு வங்கமோ இத்திட்டத்தின் பக்கமே போகவில்லை. எனவே வேறு வழியே இல்லையென்று எவரும் சொல்லற்கில்லை.

கணியர் அத்துடன் அமையவில்லை. 2009ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்போது அவர் மற்றொரு நாளையும் குறித்துக் கொடுத்தார். இடைநிலையாசிரியராக 31-5-2009 வரை பணியேற்றவர்க்குப் பழைய அடிப்படை ஊதியமான 4,500 உரூபாவை 1.86ஆல் பெருக்கி 8,370 உரூபா வைத்தனர். மறுநாளாகிய 1-6-2009 முதல் சேர்ந்தவர்க்கு 5,200 உரூபா என்றனர். ஒரே பள்ளி; ஒரே வகுப்பு; ஒரே பாடநூல்; கற்கும் பிள்ளைகளும் ஒரே தெருப் பிள்ளைகள். ஊதியத்தில் மட்டும் 3,170 உரூபா வேறுபாடு. பின்னர் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எல்லார்க்கும் 2.57ஆல் பெருக்கினர். பெருக்கல் என்பது ஊதியத்தை மட்டுமா பெருக்கும்? வேறுபாட்டையும் சேர்த்தே பெருக்கும். 3,170ஐ 2.57ஆல் பெருக்கினால் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. மூன்றாம் வகுப்பில் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், அதன் பொருளைத் தம் சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மூன்றாவதாக வந்தது 2012. ஓவியம், உடற்பயிற்சி, தையல், கணிப்பொறி முதலியவற்றைக் கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேர் அமர்த்தப்பட்டனர். கிழமைக்கு மூன்று அரைநாள் வேலை. திங்களுக்கு 5,000 உரூபா தொகுப்பூதியம். தொகைநிலைத் தொடரில் உருபு மறைந்து நிற்கும் என்று நாம் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பிக்கின்றோம். இத் தொகுப்பூதியத்திலோ ஊதியமே மறைந்து நின்றது. விரித்துப் பொருள்காண எந்த உரையாசிரியராலும் இயலாது.

இனி நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கப்பட்டபோது, அரசூழியர் ஆசிரியர் கூட்டமைப்புகள் என்ன செய்தன?

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வார் நன்றி கொன்றாராவர். ஆசிரியர் என்றால் ஊரில் கடன் கேட்டு நிற்பவர் என்றிருந்த நிலையை மாற்றியவை அவ்வமைப்புகளே. 1980களில் ஆசிரியர் பலர் சிறை சென்றனர். அவர்தம் இல்லத்தார் உலைவைக்க வழியின்றி இருந்தனர். இன்று ஓய்வூதியம் வாங்கி உண்ணும் முதிய ஆசிரியர் ஒவ்வொருவர் சோற்றிலும் அவர்களின் பட்டினி கலந்திருக்கின்றது. இதனை நாம் மறப்பதற்கில்லை. மறவாமையினாலேயே எஞ்சியதையும் சொல்ல வேண்டியிருக்கின்றது.

2003ஆம் ஆண்டு சூலைத் திங்களை எண்ணிப் பாருங்கள். பறிக்கப்பட்ட பயன்களைத் திரும்பக் கேட்டு 2-7-2003 முதல் அரசூழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். 2002ஆம் ஆண்டின் இன்றியமையாப் பணிகள் காப்புச் சட்டத்தை அவசர ஆணையால் மேலும் கூர்தீட்டிக்கொண்ட அரசு, ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கியது. விளக்கம் கேட்கும் ஓலை இல்லை, உசாவல் இல்லை. பள்ளியில் ஒரு மாணவனை நீக்குவதற்கே தந்தையை அழைத்து, மும்முறை எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கமுடையோம் நாம். அரங்கராசன் வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில் உச்ச நயன்மன்றம், அரசூழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறவுரிமையும் இல்லை என்று தீர்ப்புரைத்தது. மன்னிப்பு மடல் எழுதிக் கொடுத்த பின்னரே பெரும்பாலோர் மீண்டும் பணிக்குள் விடப்பட்டனர்.

அத் தீர்ப்பு வந்த நாள் எது? அதுவும் 6-8-2003. ஓய்வூதிய ஆணை பிறந்த அதே நாள். தில்லியில் வாய் அடைக்கப்பட்ட அன்றே சென்னையில் வயிறும் அடைக்கப்பட்டது. வாயடைத்தது இருந்தவர்க்கு, வயிறடைத்தது இனி வரப்போகிறவர்க்கு.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. தோல்விக்குக் கரணியம் பலவாயினும், ஊழியர் ஒறுக்கப்பட்டதும் அவற்றுள் ஒன்று என்பதை எல்லாரும் ஒப்பினர். அரசு அஞ்சியது, கடுமையான ஆணைகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. இருந்தவர் இழந்தவற்றுள் பல திரும்பின. 1-4-2003 என்னும் கோடு மட்டும் அழியவில்லை. ஏன்? அக் கோட்டினால் அழப்போகிறவர் அன்று பணியிலேயே இல்லை. அவருள் பலர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தனர். சிலர் நம் வகுப்புகளில் கடைசி வரிசையில் இருந்தனர். இன்னும் வீட்டிற்குள் வாராத பிள்ளையின் பங்கைக் குறைத்துப் பாகம் பிரிப்பது எளிது, தடுக்க ஆளில்லை. ஆட்சி அதனை நன்கறிந்திருந்தது. கூட்டமைப்புகள் அதனை அறிந்துகொள்ளப் பல்லாண்டுகள் ஆயின.

அறிந்த பின்னர் வந்தது 2019. பங்களிப்பு ஓய்வூதியத்தை நீக்குக என்பதை முதன்மையாக்கி 22-1-2019 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. நடத்திய கூட்டமைப்பின் பெயர் ஜாக்டோ-ஜியோ. தமிழாசிரியர் நிரம்பிய அமைப்புக்குத் தமிழில் ஒரு பெயர் அகப்படவில்லை. அப் பெயர் எதன் சுருக்கம் என்று கேட்டால் உறுப்பினரிற் பாதிப்பேர் விழிப்பர். அது கிடக்கட்டும். கோரிக்கை நேரியது; அதில் ஐயமில்லை. ஆனால் ஊர் என்ன செய்தது? அரசு, வேலைநிறுத்தம் செய்வார்க்கு மாற்றாக இடைக்கால ஆசிரியரை 7,500 உரூபாவுக்கு அமர்த்துவதாக அறிவித்தது. பின்னர் 10,000 என உயர்த்தியது. ஆசிரியப் பயிற்சி முடித்த இளைஞர் திரள்திரளாக வரிசையில் நின்றனர். பெற்றோர் பலர் ஆசிரியர் பக்கம் நிற்கவில்லை, "இவ்வளவு வாங்கியும் போதவில்லையா?" என்று தேநீர்க் கடைகளில் பேசினர். 30-1-2019 அன்று போராட்டம் கைவிடப்பட்டது.

வரிசையில் நின்ற இளைஞரைக் கருங்காலிகள் என்று ஏசியோர் உண்டு. அது பொருந்தாது. பட்டமும் பயிற்சியும் பெற்று, தகுதித் தேர்வும் எழுதி, ஆண்டுக்கணக்கில் வீட்டில் காத்திருந்தவன் பத்தாயிரத்துக்கு வரிசையில் நிற்பானாயின், பழி அவனுடையதன்று. அவ் வரிசைக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. ஏழாண்டுகளாகப் பள்ளிகளில் உழைத்த பகுதிநேர ஆசிரியர் அப்போது வாங்கியது 7,700 உரூபா. போராட்டத்தை முறிக்க வருவார்க்குப் பத்தாயிரம் தர முடிந்த கருவூலத்தால், பள்ளியிலேயே கிடந்து உழைத்தவர்க்கு அதனைத் தர முடியவில்லை. பகுதிநேரம் என்பர். பகுதிவயிறு என்று இறைவன் எவர்க்கும் படைக்கவில்லையே!

"பணமில்லை" என்பது ஆட்சியாளரின் விடை. வருவாயின் பெரும்பங்கு ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் போகின்றது என்பர். அது முழுப்பொய் அன்று; அதனை நாமும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சுமையொன்று இருக்குமாயின் அதனை எல்லாரும் பகிர்ந்து சுமப்பதே அறம். நாளைக் குறித்துக் கோடு கிழித்து, கடைசியில் வந்தவன் தலையில் முழுவதையும் ஏற்றுவது எந்நாட்டு அறம்? சட்டமன்ற உறுப்பினராயிருந்து ஓய்ந்தார்க்கும் ஓய்வூதியம் உண்டு. அவர்க்கென ஒரு 1-4-2003 இதுவரை எந்தக் கணியராலும் குறிக்கப்படவில்லை. அவர்களெல்லாம் ஒரே நல்லோரையில் பிறந்தவர் போலும்!

தமிழில் தன்மைப் பன்மை இருவகை. 'நாங்கள்' என்றால் கேட்பவன் அதில் சேரான். 'நாம்' என்றால் கேட்பவனும் சேர்வான். பல மொழிகளில் இவ் வேறுபாடு இல்லை. நம் மொழி அதனைத் தெளிவாக வைத்திருந்தும், கூட்டமைப்புகள் நெடுங்காலம் 'நாங்கள்' என்னும் சொல்லிலேயே பேசின. எங்கள் ஊதியம், எங்கள் படி, எங்கள் விடுப்பு. அச் சொல்லில் புதிதாக வந்தவன் இல்லை, பகுதிநேரத்தான் இல்லை, சத்துணவு சமைப்பவள் இல்லை, பள்ளி கூட்டுபவள் இல்லை. நாட்கூலிக்குப் போகும் பெற்றோர் இல்லவேயில்லை. அவர்க்கு விடுப்பும் இல்லை, ஓய்வும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரசுப் பள்ளியைக் காக்கப் போராடுவதாகச் சொல்லும் ஆசிரியரை அவர் ஐயுறுவதில் வியப்பென்ன? 'நாங்கள்' என்று சொல்லிப் போனவர்க்கு ஊரும் 'நீங்கள்' என்றே விடையிறுத்தது.

ஆகலின் அன்பர்களே, செய்யத்தக்கவை சில உள. கோரிக்கைப் பட்டியலைக் கீழிருந்து எழுதுக; ஊதியத்தில் கடையனாய் நிற்பவன் கோரிக்கை முதலிடம் பெறுக. இருப்பவரைக் காத்து வருபவரைக் கைவிடும் உடன்படிக்கை எதுவாயினும், அதில் கையெழுத்திட மறுத்திடுக. பகுதிநேரத்தாரும் தொகுப்பூதியத்தாரும் உறுப்பினராக மட்டுமன்றிப் பொறுப்பாளராகவும் அமர வழிசெய்க. வேலைநிறுத்த அறிவிப்பை அரசுக்குக் கொடுக்குமுன், பள்ளி வாயிலில் நின்று பெற்றோரிடம் வாய்திறந்து சொல்லுக. இழந்த பாட வேளைகளை எவ்வாறு ஈடுசெய்வோம் என்பதையும் உடன் சொல்லுக. தம் பிள்ளையைத் தாம் கற்பிக்கும் பள்ளியிலேயே சேர்க்கும் ஆசிரியரின் பேச்சுக்கு ஊரில் இருக்கும் மதிப்பே வேறு.

திட்டங்களின் பெயர் மாறலாம். விழுக்காடு கூடலாம், குறையலாம். ஆட்சிகள் வரலாம், போகலாம். எந்தத் திட்டம் வந்தாலும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: ஒரே வேலை செய்யும் இருவருக்கு நடுவே நாள்பார்த்து இழுத்த கோடு அழிந்ததா, அல்லது வேறோர் இடத்திற்கு நகர்ந்ததா? நகர்ந்தது மட்டுமே என்றால், இன்று நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை நாளை ஆசிரியனாகி அக் கோட்டின் அப்பக்கத்தில் நிற்பான். அவனுக்காக இன்று வாய் திறக்கும் கடமை அவனுக்குக் கற்பிப்பார்க்கே முதலில் உண்டு.